உப்பு சைடிங்கின் ஒரே கேட்

எள்ளுமேடு
9 ஜூன் 2024

சொக்கு,

இதைப் படிப்பாயோ, அடுப்பில் போடுவாயோ தெரியவில்லை. உன் நம்பருக்கு மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் உன் வீட்டுக்காரர் வரதண்ணன்தான் எடுத்தார், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். நாலாவது தடவை, "இன்னா பேசப்போற அவகிட்ட? அவளுக்கு வாயே சரியா வரல. உன்னாலதான் வரல. வை போனை" என்றார். அதற்குமேல் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. பகல் பதினொரு மணிக்குத் தபால் வரும்போது அண்ணன் லோடு ஆட்டோவில் போயிருப்பார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

உனக்கு எதெல்லாம் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது, எது வரவில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி காலை உனக்குப் பக்கவாதம் வந்தது. உன்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு அண்ணன் ரயில்வே கேட்டுக்கு வந்தார். கேட் மூடியிருந்தது. பதிமூன்று நிமிடம் நீங்கள் அங்கே நின்றீர்கள். கேட்கீப்பர் நான். மார்ச் மாதம் ஊர் சேர்ந்து என்மேல் மனு கொடுத்தது. ரயில்வேயில் விசாரித்துவிட்டு, என்மேல் தப்பில்லை, விதிப்படிதான் நடந்திருக்கிறேன் என்று எழுதினார்கள். எழுதிய கையோடு, "அங்க இருந்தா உனக்குப் பாதுகாப்பு இல்லம்மா" என்று இந்த எள்ளுமேட்டுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மகள் தமன்னாவுக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. அவளைத் தண்டையார்பேட்டையில் என் அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள்தான் பார்க்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த மனுவை எனக்குக் காட்டினார்கள். ஐம்பத்தெட்டுக் கையெழுத்து. கடைசியில் ஓர் இடது பெருவிரல் ரேகை. நம் ஊர் சைடிங்கில் கைநாட்டு வைக்கிற பொம்பளை எவளும் இல்லை. மகளிர் குழுவில் அத்தனை பேருக்கும் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவள் நீ. அந்த ரேகை யாருடையது?

அஜீசா


உப்பு சைடிங், எண்ணூர்
27 ஜூன் 2024

அஜீ

என்னோடதுதான்.

இது இடது கை எழுத்து. கோணல். இவ்வளவு எழுத ஒரு மணி நேரம்.

கோபம் போகவில்லை.

தமன்னா சாப்பிடுதா.

சொக்கம்மாள்


எள்ளுமேடு
7 ஜூலை 2024

சொக்கு,

உன் கடிதத்தைப் பிரித்து, கோணல் எழுத்தைப் பார்த்து, உட்கார்ந்து அழுதேன். அப்புறம் படித்துப் பார்த்துக் கோபப்பட்டேன். என்னை ஊரைவிட்டுத் துரத்திய தாளில் ரேகை வைத்துவிட்டு, என் மகள் சாப்பிடுகிறாளா என்று கேட்கிறாய். சாப்பிடுகிறாள். என் அக்கா போடும் சோற்றைவிட நீ செய்யும் சுறாப்புட்டுதான் பிடிக்கும் என்கிறாள். அவளுக்கு விவரம் போதாது.

உன் கோபம் இருக்கட்டும். எனக்கும் இருக்கிறது. ஆனால் இங்கே பேச்சுத்துணை இல்லை. அதனால் உன்னோடு பேசுகிறேன்.

எள்ளுமேடு ஜோலார்பேட்டைக்கு முன்னால் ஒரு பொட்டல். எந்தப் பக்கம் திரும்பினாலும் தரை, அதற்கு மேல் வானம். நம் ஊரில் புகைபோக்கியோ கிரேனோ சாம்பல் மேடோ இல்லாத திசையே கிடையாது. இங்கே கண்ணுக்கு வேலையே இல்லை. வேர்க்கடலை, கொள்ளு, அதைவிட்டால் புழுதி. நூற்றுப்பத்து வீடு. நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் எல்லா வண்டியும் இங்கே நின்று தண்ணீர் பிடிக்குமாம். தண்ணீர் ஏற்ற ஆள், கரி தள்ள ஆள், அவர்களுக்குச் சோறு போட ஆள் என்று வந்து சேர்ந்ததுதான் இந்த ஊர். இப்போது ஸ்டேஷன் கட்டடம் நிற்கிறது, ஸ்டேஷன் இல்லை. ஒரு நாளைக்கு எண்பது வண்டி போகிறது. ஒன்றும் நிற்பதில்லை.

டிக்கெட் கொடுத்த ஜன்னலில் ராசையா என்பவர் டீக்கடை வைத்திருக்கிறார். அந்த அரைவட்ட ஓட்டை வழியாகத்தான் டம்ளர் வெளியே வரும். முதல் நாள் நான் போனபோது, "சிங்கிளா, ரிட்டனா?" என்றார். ரிட்டன் என்றால் இரண்டாவது டீ பாதி விலையாம்.

நீ நடக்கிறாயா? கேட்காமல் இருக்க முடியவில்லை.

அஜீசா


உப்பு சைடிங்
4 ஆகஸ்ட் 2024

அஜீ,

நடக்கிறேன். வலது கால் இழுக்கும். வலது கை சும்மா தொங்குகிறது. சத்துணவுக் கூடத்தில் எனக்குப் பதில் வேறு ஆள் சமைக்கிறாள். சாம்பாரில் புளி ஜாஸ்தி, பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள் என்று என் மகள் ஷாலு சொல்கிறாள். பேச்சு வருகிறது, ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் புரியும். வாய்க்குப் பயிற்சி கொடுக்கும் பெண் தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறாள். அதற்குத்தான் உனக்கு எழுதுகிறேன். வேறு எதற்கும் இல்லை.

உன் கேட்டில் போன வாரம் ஒரு தாள் ஒட்டினார்கள். பக்கத்து வீட்டு பாஸ்கர் கண்டெய்னர் யார்டில் வேலை முடிந்து வரும்போது பார்த்துவிட்டு வந்து கத்தினான். "அக்கா, கேட்ட பர்மனென்ட்டா மூடப்போறானாம். சுவரு கட்டப்போறானாம். நாம இன்னா பறந்துகினா போறது?" ஆட்சேபம் இருந்தால் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் எழுதித் தர வேண்டுமாம். இந்தக் கேட்டில் வண்டிப் போக்குவரத்து குறைவு, அதனால் மூடலாம், சுற்றிப் போக மாற்றுப்பாதை இருக்கிறது என்று அதில் போட்டிருக்கிறது. மாற்றுப்பாதை எது தெரியுமா? அனல்மின் நிலையத்துச் சாம்பல் பைப் ஓரமாகப் போகிற மண்ரோடு. அஞ்சு கிலோமீட்டர். மழை வந்தால் முழங்கால் சேறு.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஒன்று கத்தினார்கள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊரில் எழுதுகிற வேலை எப்போதும் என்னுடையது. நான் இந்தக் கையைத் தூக்கிக் காட்டினேன். இடது கையால் எழுது என்றார்கள்.

ஒரு கேட் மூடியிருந்ததால் நான் இப்படி ஆனேன். இப்போது அதே கேட்டைத் திறந்து வை என்று நானே கெஞ்சி எழுத வேண்டுமாம். பேஜாராக இருக்கிறது, அஜீ.

சொக்கம்மாள்


எள்ளுமேடு
14 ஆகஸ்ட் 2024

சொக்கு,

கெஞ்சி எழுதாதே. கணக்கெடுத்து எழுது.

உன் கடிதத்தைப் படித்த அன்று ராசையாவிடம், இந்த ஸ்டேஷனை ஏன் மூடினார்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க ஊர்ல டிக்கெட் எடுக்கிற வழக்கமே கெடையாதும்மா. ஸ்டேஷன் மாஸ்டரு எங்க கூடவே சாப்பிடுவாரு, தூங்குவாரு. அவரு கேக்கமாட்டாரு, நாங்களும் எடுக்கமாட்டோம். முன்னூறு பேரு தெனம் ஏறி எறங்கனோம். ஒரு நாளு ஆபீசரு வந்து புஸ்தகத்தப் பாத்தாரு. ஒரு நாளைக்கி நாலு டிக்கெட்டு. நாலு பேருக்கு எதுக்குய்யா ஸ்டேஷன்னு மூடிட்டுப் போயிட்டாரு. நாங்க முன்னூறு பேரும் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் கேட்டில் அந்தக் கணக்கை எடுத்தபோது நான்தான் பணியில் இருந்தேன். போன நவம்பரில் ஒரு வாரம் எண்ணினார்கள். அடைமழை வாரம். வண்டிகளைத்தான் எண்ணுவார்கள், நடப்பவர்களை எண்ணமாட்டார்கள். சைடிங்கில் வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? மீன் கூடையோடு நடப்பவர்கள், பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகள், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு வேலைக்கு விடியலில் நடக்கும் ராணிப்பேச்சி வீட்டார், டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு தடவை நடக்கும் பெரியவர். இவர்கள் ஒருவரும் அந்தக் கணக்கில் இல்லை. காகிதத்தில் உங்கள் ஊரில் ஆளே இல்லை.

ஏழு நாள் நீங்களே எண்ணுங்கள். காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பதுவரை. யார், எதற்காகத் தாண்டுகிறார் என்று எழுதுங்கள். அதோடு ஓர் ஊர்க் குறிப்பு எழுது. ஊர் எப்படி வந்தது, எத்தனை வீடு, என்ன பிழைப்பு, எத்தனை பிள்ளைகள். மூடாதே என்று மட்டும் கேட்காதே. எந்தக் கேட்டையும் ஒரு நாள் மூடத்தான் போகிறார்கள். தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை போட்டுவிட்டு மூடு என்று கேள்.

என் மேல் உள்ள கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு இதைச் செய். வேண்டுமானால் ஜனவரியில் மறுபடி எடுத்துக்கொள்.

அஜீசா


உப்பு சைடிங்
22 செப்டம்பர் 2024

அஜீ,

எண்ணினோம். மகளிர் குழு நாலு நாலு மணி நேரமாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு நாளைக்கு ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டுத் தடவை ஆட்கள் தாண்டுகிறார்கள். அறுபத்திரண்டு வீட்டுக்கு! எனக்கே நம்பிக்கை வரவில்லை. புதிய கேட்கீப்பர் தௌசீஃப், பாவம், சின்ன வயது, "ஏம்மா, என்னைய வேவு பாக்குறீங்களா?" என்று பயந்துவிட்டான். டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தோம்.

குறிப்பை ஆரம்பித்துவிட்டேன். தினம் அரைப் பக்கம். எழுதியதில் கொஞ்சம் இதோ:

"உப்பு சைடிங் என்பது எங்கள் ஊரின் பெயர். கிழக்கே உப்பளம், மேற்கே ரயில் பாதை. உப்பளத்திலிருந்து உப்பை வேகனில் ஏற்றுவதற்காக ஒரு கிளைப் பாதை போட்டு, ஏற்றும் ஆட்களுக்குப் பதினெட்டுக் குடிசை கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பதினெட்டுதான் இப்போது அறுபத்திரண்டு. 1994இல் கிளைப் பாதையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். எங்களை எடுத்துக்கொண்டு போக யாருக்கும் ஞாபகம் இல்லை. நாங்கள் இருந்துவிட்டோம். இன்று எங்களில் உப்பு ஏற்றுபவர் ஒருவரும் இல்லை. துறைமுகத்துக்கும் மீன் கம்பெனிக்கும் அனல்மின் நிலையத்துக்கும் வேலைக்குப் போகிறோம். பதினொரு பேர் கல்லூரியில் படிக்கிறார்கள். எல்லாப் பிழைப்பும் படிப்பும் பிரசவமும் சாவும் ஒரே கேட் வழியாகத்தான்."

ஷாலு, "சோக்கா கீதும்மா" என்றாள். உன் அப்பா மதார் சாகிப் அந்தக் கிளைப் பாதையில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்ததையும் சேர்த்திருக்கிறேன். கேட்காமல் சேர்த்துவிட்டேன்.

இப்போது முக்கியமானது. ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், என் கதையை எழுத வேண்டும் என்று. "பதிமூணு நிமிஷத்துல ஒரு பொம்பள கை கால் போச்சுன்னு போடு, அப்பால எவன் மூடுறான் பாக்கலாம்" என்கிறார் இவர். நானும் எழுதத்தான் போகிறேன். ஆனால் எனக்கு ஆட்டோவின் கூரைதான் தெரிந்தது, வேறு எதுவும் தெரியாது. வெளியே என்ன நடந்தது? இன்றுவரை நீ சொல்லவில்லை. விதிப்படி நடந்தது என்று மட்டும்தான் சொல்கிறாய். விதியை என்னிடம் சொல்லாதே. நீ என்ன செய்தாய், அஜீ?

சொக்கு


எள்ளுமேடு
2 அக்டோபர் 2024

சொக்கு,

விசாரணையில் யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவில்லை. நீ கேட்டுவிட்டாய்.

காலை பத்தேகால். கும்மிடிப்பூண்டி பாசஞ்சர் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி தாண்டியதும் நான் கேட்டைத் தூக்கலாம். தூக்கும் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். வரதண்ணன் ஆட்டோவிலிருந்து குதித்து, "அஜீசா, தொறம்மா! சொக்குக்கு வாய் கோணிகிச்சு!" என்று கத்தினார். அதே நேரம் போன் அடித்தது. ஸ்டேஷன் மாஸ்டர். "நிலக்கரி கூட்ஸ் வருது, நம்பர் குடு" என்றார்.

கேட் மூடியிருக்கிறது என்பதற்கு அடையாளமாக நான் ஒரு எண் சொல்ல வேண்டும். சொன்னால் கேட் பூட்டிக்கொள்ளும். கூட்ஸ் தாண்டும்வரை நானே நினைத்தாலும் திறக்க முடியாது. சொல்லாமல், "சார், ரெண்டு நிமிஷம், அவசர கேஸ் ஒண்ணு, விட்டுட்டுத் தரேன்" என்று கேட்டிருக்கலாம். கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு சாவு வண்டிக்கு வழிவிட்டு, ஒரு கூட்ஸ் நாலு நிமிடம் நின்று, எனக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். "இன்னொரு வாட்டி ஆச்சுன்னா வேலைய மறந்துடு" என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அது ஞாபகம் வந்தது. தமன்னா ஞாபகம் வந்தது. எண்ணைச் சொல்லிவிட்டேன்.

உன் பெயர் என் காதில் விழவில்லை என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். விழுந்தது, சொக்கு. விழுந்த பிறகுதான் எண்ணைச் சொன்னேன்.

கூட்ஸ் வந்து பாதி தாண்டி, சிக்னல் கிடைக்காமல் கேட்டின் குறுக்கே நின்றது. பதிமூன்று நிமிடம். அண்ணன் என்னைத் திட்டினார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன்.

குறிப்பில் இதை எழுது. என் பெயரைப் போட்டே எழுது. வேலை போனால் போகட்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆனாலும் எழுது.

அஜீசா


எள்ளுமேடு
10 நவம்பர் 2024

சொக்கு,

ஐந்து வாரம் ஆயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லையே? என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது. டிசம்பர் முப்பத்தொன்று நெருங்குகிறது. என்மேல் உள்ள கோபத்தில் குறிப்பை நிறுத்திவிடாதே.

அஜீசா


உப்பு சைடிங்
18 நவம்பர் 2024

அஜீ,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபத்தாலும் இல்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வெட்கம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆறு வாரம் போய்விட்டது.

பிப்ரவரி பத்தொன்பது. அன்று ஷாலுவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வு. காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பில் குண்டான் வைக்கும்போது வலது கையிலிருந்து அது நழுவியது. மறுபடி எடுத்தேன், மறுபடி நழுவியது. விரலைக் கிள்ளினேன், தெரியவில்லை. உதடு ஒரு பக்கம் மரத்துப் போயிருந்தது. சொன்னால் ஷாலு பரீட்சைக்குப் போகமாட்டாள். சொல்லவில்லை. இடது கையாலேயே அவளுக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். எட்டு மணிக்கு அவள் போன பிறகு சொல்லியிருக்கலாம். சரியாகிவிடும் என்று படுத்துக்கொண்டேன். பத்து மணிக்கு இவர் லோடு இறக்கிவிட்டு நாஷ்டாவுக்கு வந்தபோதுதான் என் வாய் கோணியதைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு, "லேட்டா கொண்டாந்துட்டீங்களே, நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஒரு ஊசி போட்டிருக்கலாம்" என்றார் டாக்டர். இவர் உடனே, "கேட்ல நிறுத்திட்டாங்க சார்" என்றார். எனக்குக் காது கேட்டது. வாய் வரவில்லை. உன் கேட்டுக்கு நான் வந்தபோதே ஐந்தேகால் மணி நேரம் ஆகியிருந்தது, அஜீ. நீ அன்று திறந்திருந்தாலும் அந்த ஊசி எனக்கு இல்லை.

ஒரு மாதத்தில் வாய் கொஞ்சம் வந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குள் ஊர் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் உன்னைத் திட்டியதால் என்னை யாரும் கேட்கவில்லை. மனுவை நீட்டினார்கள். ரேகை வைத்தேன். தெரிந்தே வைத்தேன்.

நீ பயந்து ஒரு எண்ணைச் சொன்னாய், ஒரு நொடியில். நான் ஒன்பது மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு ஊர்க்கூட்டம். குறிப்பை ஷாலு படித்தாள். நம் கதை வரும் இடத்தில் அவளை நிறுத்தச் சொல்லிவிட்டு நானே பேசினேன். என் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை, மறுபடி மறுபடி சொன்னேன். ஐந்து மணி, குண்டான், நழுவியது. மூன்றாம் தடவை புரிந்தது. ஷாலு முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவர் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் பொண்ணு முன்னாடி எந்த மூஞ்சிய வெச்சிகினு நிப்பேன்?" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

குறிப்பில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன். சரியா சொல்:

"பிப்ரவரி 19 அன்று இந்த ஊர்ப் பெண் ஒருத்தி நோயோடு கேட்டில் பதிமூன்று நிமிடம் நின்றாள். அவள் கை கால் போனதற்கு அந்தப் பதிமூன்று நிமிடம் காரணம் இல்லை, அவளே தாமதமாகச் சொன்னாள். ஆனால் அன்று அவளுக்கு நேரம் மிச்சம் இருந்திருந்தால், அந்தப் பதிமூன்று நிமிடம் போதும் அதைக் கெடுக்க. கேட்டில் இருந்த பெண்ணும் பயந்தாள், வண்டியில் இருந்த பெண்ணும் பயந்தாள். இரண்டு பேர் பயந்தால் ஓர் உயிர் போகிற மாதிரி ஓர் ஊருக்கு வழி இருக்கக் கூடாது."

உன் பெயரைப் போடவில்லை. எழுதியவள் நான் என்பதால் என் பெயர் கீழே இருக்கிறது.

சொக்கு


எள்ளுமேடு
1 டிசம்பர் 2024

சொக்கு,

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் உன்னைத் திட்டியிருந்தேன். ஒன்பது மாதம், சொக்கு. சாப்பிட உட்கார்ந்தால் உன் கால்கள் ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது கண்ணில் வரும். தமன்னா கேட்டாள், "நீங்க நெஜமாவே தொறக்கலையாம்மா?" என்று. பெற்ற மகள். அந்தக் கேள்வி எனக்கு வராமல் நீ தடுத்திருக்கலாம். மன்னித்துவிட்டேன் என்று இப்போதே எழுதினால் அது பொய். எழுதமாட்டேன்.

ஆனால் நேற்று பணியில் நிற்கும்போது ஒன்று கவனித்தேன். மூச்சு நன்றாக வருகிறது. ஒன்பது மாதமாக நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டே இருந்தது, அது இல்லை. அதற்காக உன்மேல் இன்னும் கோபம். இந்த மூச்சை முதலிலேயே கொடுத்திருக்கலாமே.

குறிப்பு நன்றாக இருக்கிறது. ஒரு சொல்லையும் மாற்றாதே. தனியாக நான் ஒரு காகிதம் எங்கள் ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறேன். அவசர கேஸ் நின்றால் கேட்கீப்பர் இரண்டு நிமிடம் கேட்கலாம், அதற்கு மெமோ கிடையாது என்று எழுத்தில் தாருங்கள், அது இல்லாததால் பயந்து நான் கேட்காமல் விட்டேன் என்று தேதி போட்டு, பெயர் போட்டு எழுதிவிட்டேன். தபாலில் போட்ட பிறகு ராசையா கடையில் இரண்டு டீ குடித்தேன்.

அஜீசா


உப்பு சைடிங்
2 பிப்ரவரி 2025

அஜீ,

ஆபீசர் வந்தார்! புதன்கிழமை, நாலு பேரோடு. கையில் நம் குறிப்பு. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு போட்டிருந்தார். ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டை நம்பாமல் வந்திருக்கிறார் போல. கேட்டருகே ஒரு நாற்காலி போட்டுக் காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை தாமே எண்ணினார். இரண்டு மணி நேரத்தில் இருநூற்று எழுபது. நோட்டை மூடிவிட்டு, "இத எழுதினது யாரு?" என்றார்.

என்னைக் காட்டினார்கள். நான் பேசினால் புரியாது என்று ஷாலு பேச வந்தாள். அவர், "இல்ல, அவங்களே பேசட்டும், எனக்கு அவசரம் இல்ல" என்று நின்றார். பேசினேன். உப்பு வேகனிலிருந்து ஆரம்பித்தேன். அவர் இரண்டு தடவைதான் மறுபடி சொல்லச் சொன்னார். அப்புறம் என்னோடு தண்டவாளத்தைத் தாண்டி நடந்தார். என் கால் இழுப்பில் தாண்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று கடிகாரத்தில் பார்த்து எழுதிக்கொண்டார்.

போகும்போது வாக்குறுதி எதுவும் தரவில்லை. ஆனால் சுரங்கப்பாதை எந்த இடத்தில் வந்தால் மழைத்தண்ணீர் தேங்காது என்று பாஸ்கரிடம் கேட்டார். மூடப்போகிறவன் அதைக் கேட்பானா?

மனுவைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஐம்பத்தொன்பது பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இந்த முறை நான் கையெழுத்துப் போட்டேன். இடது கையால்.

கீழே இவர் ஏதோ எழுத வேண்டுமாம். பேனாவைக் கொடுக்கிறேன்.

சொக்கு

அஜீசாவுக்கு, வரதன் எழுதிக்கிறது. அன்னிக்கு நான் பேசின பேச்சு தப்பு. போன்ல பேசினதும் தப்பு. எனக்கு ரொம்ப எழுத வராது. உன் தம்பி மாதிரி பாத்துக்குறேன் அந்த தௌசீஃப் பையன, தெனம் மீன் குடுக்குறேன். நீ வந்தா வஞ்சிரம் வாங்கியாறேன்.


எள்ளுமேடு
8 ஜூன் 2025

சொக்கு,

இரண்டு சேதி. நான் அனுப்பிய காகிதத்துக்குப் பதில் வந்துவிட்டது. அன்று நேரம் கேட்காததற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அத்தோடு சரி, வேலை இருக்கிறது. கூடவே எல்லா கேட்டுக்கும் ஒரு சுற்றறிக்கை. உயிர் ஆபத்து என்றால் கேட்கீப்பர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் நேரம் கேட்கலாம், கேட்டதற்காக நடவடிக்கை இல்லை. அதை எங்கள் கேட் அறையில் நானே ஒட்டினேன்.

இன்னொன்று, எங்கள் சூப்பர்வைசர் ஆபீசில் பார்த்துவிட்டு வந்து சொன்னது. உப்பு சைடிங் சுரங்கப்பாதைக்கு அனுமதி ஆகிவிட்டது. உங்களுக்குத் தாள் வர ஒரு மாதம் ஆகலாம். அதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிடாதே. சொல்லத்தான் போகிறாய், எனக்குத் தெரியும்.

தமன்னா பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். நானூற்று இருபத்தொன்று. என்னிடம் சொன்ன கையோடு உனக்கும் எழுதச் சொன்னாள்.

வரதண்ணன் எழுதியதைப் பல தடவை படித்தேன். வஞ்சிரம் வேண்டாம், விலை அதிகம். காரப்பொடி போதும் என்று சொல்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. எங்கே என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அஜீ


உப்பு சைடிங்
11 ஜனவரி 2026

அஜீ,

போன ஞாயிறு ரயிலை எல்லாம் நிறுத்திவிட்டு, தண்டவாளத்தைத் தூக்கி, ஒவ்வொன்றும் ஒரு வீடு அளவு இருக்கும் ஆறு கான்கிரீட் பெட்டிகளைக் கிரேனில் இறக்கினார்கள். காலை எட்டுக்கு ஆரம்பித்து சாயங்காலம் நாலுக்குள் மறுபடி தண்டவாளம் போட்டு வண்டி விட்டுவிட்டார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. மகளிர் குழு அத்தனை தொழிலாளிகளுக்கும் சாம்பார் சாதம் போட்டது. சமைத்தது நான். கிண்டியது மற்றவர்கள், உப்பு பார்த்தது நான். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.

ரோடு போட்டு, விளக்கு மாட்டித் திறக்க இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். எங்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நேற்றே நான் ஷாலுவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்வந்தேன். உள்ளே குளுமை. நடுவில் நிற்கும்போது தலைக்கு மேல் கூட்ஸ் போனது. நிற்கவே இல்லை, அது பாட்டுக்குப் போனது. நான் பாட்டுக்கு நடந்தேன். பாஸ்கர் சுவரில் ஈரம் இருக்கிறது என்று இன்ஜினியரோடு இப்போதே சண்டைக்கு நிற்கிறான். அவன் சண்டை போடட்டும், மழைக்கு நல்லது.

ஏப்ரலில் திருவொற்றியூருக்கு மாற்றல் வந்துவிடும் என்று எழுதியிருந்தாய். அதுவரை காத்திருக்க என்னால் முடியாது. வரும் சனிக்கிழமை நான் எள்ளுமேட்டுக்கு வருகிறேன். தனியாக. இவர், "நான் கொண்டாந்து வுடறேன்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். டிக்கெட் எடுத்துத்தான் வருவேன், ராசையாவிடம் சொல். உங்கள் ஊரில் வண்டி நிற்காது, தெரியும். அடுத்த ஸ்டேஷனில் இறங்குகிறேன், அங்கே வந்துவிடு. தமன்னாவையும் வரச் சொல், சுறாப்புட்டு கொண்டுவருகிறேன்.

இதற்குப் பதில் போடாதே, வந்து சேராது. எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பேச்சோ மெதுவு. ஒரு நாள் லீவு பத்தாது. இரண்டு நாளாகப் போடு.

சொக்கு